பல்லன் திரும்பும் பக்கம்

அத்தியாயம் ஒன்பது

காலை எட்டரைக்கு அப்பா என் மேசைக்கு வந்து, பல்லனுக்கு அவசரம் அதிகமாகிவிட்டது என்றார்.

பல்லன், கேளிக்கைப் பூங்காக்களுக்காக எங்கள் கம்பெனி செய்யும் புதிய ரைடில் இருக்கும் மிருகம். இருட்டுக் குகைக்குள் தண்டவாளத்தில் ஒரு வண்டி போகும். நான்கு பேர் உட்காரலாம். மடிக்கு மேல் இறங்கும் கம்பியை எல்லோரும் இறுகப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கம்பிக்குள் நான் வைத்திருக்கும் சென்சார், உள்ளங்கையிலிருந்து நாடித்துடிப்பை எண்ணும். நால்வரில் யாருடைய துடிப்பு அதிகம் எகிறுகிறதோ அவர் பக்கம் பல்லன் தலையைத் திருப்பி வாயைத் திறப்பான். வெதுவெதுப்பான காற்றும் எச்சில் போல் தண்ணீரும் அவர் மேல் மட்டும் தெறிக்கும்.

மற்ற மூவர் சிரிப்பார்கள். அந்த மூவர் சிரிப்பதற்காகத்தான் இந்த ரைடு.

வெளியே வந்ததும் மின்பலகையில் நான்கு எண்கள் தெரியும். கீழே 'இன்றைய கோழை' என்ற தலைப்பில் அதிகம் பயந்தவரின் முகம் வரும். வேண்டுமென்றால் படத்தை வாங்கிக்கொண்டு போகலாம். தலைப்பு அண்ணனின் யோசனை.

"வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே தலையைத் திருப்புறான்மா," என்றார் அப்பா. "ஆள் உள்ள வர்றதுக்குள்ள இவன் வாயைப் பொளந்துட்டு நின்னா எப்படி? மூணு மணிக்கு பார்க்காரர் வர்றார். அதுக்குள்ள பார்த்துடு, பூச்சி."

பூச்சி நான்தான். வாயில்லாப்பூச்சி என்று அண்ணன் வைத்த பெயர், வீட்டுக்குள் தேய்ந்து பூச்சியானது.

பார்க்காரருக்கு ஐந்து பார்க்குகள். அவருக்குப் பிடித்துவிட்டால் ஐந்திலும் பல்லன் இருப்பான். பிடிக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று போன வாரம் அப்பா ஃபிட்டர் மாமாவிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அப்பா அன்று புதுச்சட்டை போட்டிருந்தார். காலரில் அட்டை இன்னும் இருந்தது. நான் எடுத்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ரைடு செய்தாலும் முதல் ஓட்டங்களில் எங்கள் குடும்பம்தான் ஏற வேண்டும். ஊரார் பிள்ளைகள் உட்காரப்போகிற வண்டியில் தன் பிள்ளைகளை முதலில் உட்கார வைக்காதவன் அந்தத் தொழிலே செய்யக்கூடாது என்பார் அப்பா. அம்மாவுக்குத் தலை சுற்றும், அதனால் விலக்கு. முன் வரிசையில் அப்பாவும் நானும். பின் வரிசையில் அண்ணனும் அண்ணியும்.

பெரும்பாலும் பல்லன் அண்ணி பக்கமே திரும்பினான்.

எவ்வளவு பயம் வந்தால் பல்லன் முழுதாக வாயைத் திறக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு தேவைப்பட்டது. அண்ணியின் துடிப்பு சாதாரணத்தைவிட முப்பது கூடியபோது அவள் கத்தினாள். அதையே முழு அளவாக வைத்தேன். அந்த அளவுக்கு நிரலில் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். 'அண்ணி' என்று கொடுத்தேன். விளையாட்டாகத்தான். ஒரு வாரத்தில் பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. "இவனுக்குக் கால் அண்ணிகூட வரல" என்று பெயின்டர்கள் கிண்டலடித்துக்கொண்டார்கள். அண்ணி காதில் விழும்படிதான். அவளும் சிரித்தாள்.

பதிவுகளைத் திறந்தேன்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோப்பு. வண்டி கிளம்பும் கணம் பூஜ்யம். அதற்கு முந்திய இருபது நொடிகளும் பதிவாகும். ஒருவரின் சாதாரணத் துடிப்பு தெரிந்தால்தான் எகிறலைக் கணக்கிட முடியும்.

மொத்தம் பதினேழு ஓட்டங்கள். பதினான்கில் பல்லன் அவசரப்பட்டிருந்தான். பதினான்கிலும் காரணம் நான்காம் இருக்கை, அதாவது அண்ணி. எழுபதில் இருந்த துடிப்பு, பூஜ்யத்துக்குப் பத்து நொடி முன்பே ஏற ஆரம்பித்து, வண்டி அசைவதற்குள் நூறைத் தொட்டிருந்தது.

சென்சாரில் கோளாறு என்று நினைத்தேன். நான்காம் இருக்கையின் கம்பியை நானே பிடித்துப் பார்த்தேன். எழுபத்தாறு. விரலை மணிக்கட்டில் வைத்து எண்ணினேன். எழுபத்தாறு. கோளாறு இல்லை.

மிச்சம் மூன்று ஓட்டங்கள். அவற்றில் அண்ணியின் கோடு முதலிலிருந்து கடைசி வரை தட்டையாகப் போயிருந்தது. பல்லன் இரண்டு முறை என் பக்கமும் ஒரு முறை அப்பா பக்கமும் திரும்பியிருந்தான்.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு என்று கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மூன்றிலும் எது மாறியிருந்தது? அதே வண்டி, அதே இருட்டு, அதே பல்லன். தேதிகளைப் பார்த்தேன். மூன்று நாளும் அண்ணன் வெளியூரில் இருந்தான். அவன் இடத்தில் ஃபிட்டர் மாமா உட்கார்ந்திருந்தார்.

வண்டி ஏறும் மேடையில் இருக்கும் கேமராவின் படத்தை ஓடவிட்டேன். அதில் ஒலி கிடையாது.

அண்ணி உட்காருகிறாள். அண்ணன் பக்கத்தில் உட்காருகிறான். முன்னால் அப்பாவின் வழுக்கையும் என் பின்னலும் தெரிகின்றன. கம்பி இறங்குகிறது. அண்ணன் கையை நீட்டி அண்ணியின் பிடரியில் வைக்கிறான். தடவுவதுபோல்தான் இருக்கிறது. பிறகு கட்டைவிரல் உள்ளே அழுந்துகிறது. அவள் காதில் ஏதோ சொல்கிறான். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறான். அண்ணி திரும்பவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுபத்தொன்று, எண்பத்தேழு, நூற்று இரண்டு.

நான் அதை நான்கு முறை பார்த்தேன். பிறகு எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தேன். கசப்பு போகவில்லை.

போன மாதம் அண்ணியின் மணிக்கட்டில் கட்டு இருந்தது. தைக்கும்போது ஊசி வழுக்கிவிட்டது என்றாள். சரி என்றேன். ஊசி குத்தினால் ரத்தம் வரும். மணிக்கட்டு வீங்காது. எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

பதினான்கு ஓட்டங்களிலும் அவளுக்கு ஓர் அடி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கத்தும் சத்தம் கேட்டால் சிரித்தேன்.

அண்ணி வேலை செய்யும் தையல் அறைக்குப் போகும் வழியில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. விடுமுறைப் பட்டியலுக்குப் பக்கத்தில் பதினான்கு படங்களைக் குத்திவைத்திருந்தார்கள். பதினான்கிலும் அண்ணியின் முகம். வாய் கோணி, கண் பிதுங்கி, மூக்கில் தண்ணீர் ஒழுக. சிலவற்றில் கொம்பு வரைந்திருந்தது. ஒன்றில் மீசை.

மீசை வரைந்தது நான்.

அண்ணி தரையில் உட்கார்ந்து, பல்லனின் மாற்று உதடு ஒன்றை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். வலது கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது. ரப்பர் பசையின் நாற்றம் மூக்கை அடைத்தது. பல்லனின் தோல் முழுவதும் அவள் தைத்தது. நாற்பத்திரண்டு பற்களுக்கும் மஞ்சள் அடித்து, ஈறுக்குச் சிவப்பு அடித்தவள் அவள்தான். அப்படிப்பட்டவள் அவனைப் பார்த்து ஏன் அலற வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அண்ணி, உங்களுக்கு பல்லனைப் பார்த்தா பயமா?"

"இவன் வாயை நான்தானேம்மா தைச்சேன்." அவள் நிமிரவில்லை. "அந்த நூலை எடு."

எடுத்துக் கொடுத்தேன். கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்கு முன்பே புதினா மிட்டாய் வாசனை வந்துவிட்டது. அண்ணன் எப்போதும் அதைச் சப்பிக்கொண்டே இருப்பான்.

"என்ன பூச்சி, உன் செல்லப்பிள்ளை திருந்திட்டானா?"

"பார்த்துட்டு இருக்கேண்ணா."

"சீக்கிரம் பாரு. மூணு மணிக்கு நானும் இவளும் ஏறுறோம். இவ கத்துற கத்துல அந்த மனுஷன் அங்கயே கையெழுத்துப் போடணும்." அவன் அண்ணியின் பின்னால் போய் நின்று பிடரியில் கையை வைத்தான். "நல்லா கத்துவால்ல? நம்ம சொத்தே இவ தொண்டைதான்."

ஊசி நின்றது. அவன் கை இருக்கும் வரை ஊசி நகரவில்லை.

அவன் போன பிறகும் புதினா வாசனை அறையில் இருந்தது.

"கத்தலன்னா என்ன ஆகும் அண்ணி?"

அவள் கொஞ்ச நேரம் தைத்தாள்.

"கத்தலன்னா வீட்டுல வேற மாதிரி கத்த வைப்பார்," என்றாள். விலாசம் சொல்வதைப்போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

எங்கள் வீட்டில் அவர்கள் மாடியில் இருக்கிறார்கள். நாங்கள் கீழே. மேலே ஏதாவது விழும் சத்தம் கேட்டால் அம்மா டிவியின் ஒலியைக் கூட்டுவாள். சத்தம் கேட்பதற்கும் ஒலியைக் கூட்டுவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. இவ்வளவு படித்தும்.

மடிக்கணினியைத் திறந்து இரண்டு கோடுகளையும் அண்ணிக்குக் காட்டினேன். இது அவன் இருந்த நாள். இது அவன் இல்லாத நாள்.

அண்ணி பல்லனின் உதட்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு, பக்கத்தில் வந்து பார்த்தாள். தட்டையான கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாகக் கடைசி வரை இழுத்தாள்.

"இது நானா?"

"நீங்கதான். அறுபத்தெட்டு. நம்ம குடும்பத்துலயே குறைச்சல்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"நமக்கு மட்டும்."

"உங்கப்பாகிட்ட ஒரு தடவை சொன்னேன்," என்றாள். "அவனுக்குக் கொஞ்சம் முன்கோபம், அனுசரிச்சுப் போம்மான்னார். போனேன்." பல்லால் நூலைக் கடித்தாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. உன் மெஷின் சொன்னா நம்புவாங்களா?"

"பலகை எப்பவும் கடைசிலதான் நம்பரைக் காட்டும். ஒரு வரியை மாத்தினா, கம்பியில கை இருக்கிற வரைக்கும் காட்டிட்டே இருக்கும். வெளிய நிக்கிறவங்களுக்கும் தெரியும்." திரையில் அந்த வரியைக் காட்டினேன். "நீங்க சரின்னா மட்டும்தான் மாத்துவேன். பார்க்காரருக்குப் பிடிக்காமப் போயிட்டா, அப்பா..."

"உங்கப்பா பட்டறை போயிடும்."

"ஆமா."

அண்ணி பல்லனின் உதட்டைப் பார்த்தாள். பெரிய, ஈரமான, சிவந்த உதடு.

"மாத்து," என்றாள். "ஆனா நான் அவரோட ஏற மாட்டேன். நீ வா."

ஒரு வரியை மாற்றினேன். மற்றதை அப்படியே விட்டேன்.

பார்க்காரர் மூன்றரைக்கு வந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் சிரிக்கும் மனிதர். அண்ணன் மேடையில் நின்று விளக்கினான்.

"இதுல அளவு என்ன தெரியுமா சார்? அண்ணி. ஒரு அண்ணி, ரெண்டு அண்ணி. இதோ நிக்கிறாளே, என் வைஃப், இவதான் அந்த அளவு."

பார்க்காரர் அண்ணியை மேலிருந்து கீழாகப் பார்த்துக் குலுங்கிச் சிரித்தார். "அப்ப நீங்க தினமும் ஒரு அண்ணியோடதான் குடித்தனம் பண்றீங்க."

அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா," என்றேன். "சென்சாரைப் பக்கத்துல இருந்து பார்க்கணும். அண்ணாவுக்குப் பதிலா நான் ஏறுறேன்."

அண்ணன் முகம் சுளித்தான். "நீ எதுக்கு? பக்கத்துல நான் இருந்தாத்தான் அவ நல்லா..."

"உக்காரட்டும்டா," என்றார் அப்பா. "நீ இங்க நின்னு சாருக்குச் சொல்லு."

அண்ணியும் நானும் பின் வரிசையில் உட்கார்ந்தோம். ஃபிட்டர் மாமா கம்பியை இறக்கினார். கம்பியின் பூட்டைத் திறக்கும் மிதி மேடைத் தூணின் அடியில் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களால் திறக்க முடியாது. அதற்கு மேலே, அதே தூணில், பலகையை அணைக்கும் சுவிட்ச்.

வண்டி குகைக்குள் நுழைந்தது. கம்ப்ரெசர் மூச்சு விட்டது. இருட்டில் அண்ணியின் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. நடுங்கவில்லை. வெளியே போனதும் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்ததால் எனக்குத்தான் உள்ளங்கை வழுக்கியது.

பல்லன் எழுந்தான். அண்ணி பக்கம் ஒரு கணம் தலையை நீட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

வாய் திறந்தது. எச்சில் தண்ணீரும் ரப்பர் நாற்றமும் முகத்தில் அடித்தன. நான் அலறினேன். என் சத்தம் எனக்கே அசிங்கமாக இருந்தது.

பக்கத்தில் அண்ணி சிரித்தாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு வருடத்தில் நான் கேட்டிராத சிரிப்பு. சட்டென்று நிறுத்திக்கொண்டு, தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"ஈறுக்குச் சிவப்பு ஒரு பூச்சு பத்தல," என்றாள். "இருட்டுல எடுப்பா தெரியல."

கதவு திறந்து வெளிச்சம் வந்தது. வண்டி மேடையில் நின்றது. பலகையில் என் முகம், கோணிய வாயோடு. என் எண் நூற்று இருபத்தொன்று. அண்ணியின் எண் எழுபது.

"பூச்சிக்குத்தான் பட்டம்," என்று அப்பா கைதட்டினார். பார்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. அந்த எழுபதையே பார்த்துக்கொண்டிருந்தான். தூணை விட்டு விலகி வண்டியை நோக்கி நடந்தான்.

"என்ன, தூங்கிட்டியா உள்ள?"

கம்பி இன்னும் திறக்கவில்லை. அவள் கைகள் அதன் மேல்தான் இருந்தன.

எழுபத்தெட்டு. எண்பத்தாறு.

"வண்டி நின்னாச்சே," என்றார் பார்க்காரர். "இன்னும் ஏறுது?"

அண்ணன் பலகையைத் திரும்பிப் பார்த்தான். நின்றான். எண் தொண்ணூற்று நான்கு வரை போய்த் தயங்கியது. துடிப்பு சில நொடி பின்தங்கித்தான் வரும். அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு.

அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவன் மறுபடியும் முன்னால் வந்தான். அந்த எண் தன் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும் என்பதுபோல வந்து, குனிந்து, அண்ணியின் பிடரியில் கையை வைத்தான்.

நூறு. நூற்று நான்கு.

ஃபிட்டர் மாமா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பெயின்டர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

பார்க்காரர் மட்டும் தொடையில் தட்டினார். "அட, இது வேறயா? வெளியிலயும் ஒரு ஆளை நிறுத்தி வைக்கலாம் போலிருக்கே. இறங்கற நேரத்துல கழுத்துல கைய வைக்கிற மாதிரி. சூப்பர் ஐடியா சார். இதையும் சேர்த்தே எடுத்துக்கறேன்."

எங்கோ குழாயிலிருந்து பல்லனின் எச்சில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது... சென்சார்ல ஏதோ சின்ன கோளாறு சார்," என்றார் அப்பா. குரல் அவருடையதாக இல்லை. "என் பொண்ணு சரி பண்ணிடுவா. இல்லம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பலகையில் என் எண்ணும் ஓடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நூற்று இருபத்தெட்டு. நான் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்பது பார்க்காரருக்கும் தெரிந்தது, பெயின்டர்களுக்கும் தெரிந்தது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. அது ஒருவகையில் வசதியாக இருந்தது.

"கோளாறு இல்லப்பா," என்றேன். "சரியாத்தான் காட்டுது. எல்லா தடவையும் சரியாத்தான் காட்டிச்சு. அண்ணாவோட கைதான்."

அண்ணன் கையை எடுத்தான். சுட்டுக்கொண்டவன்போல எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கம்பியைத் திறங்க," என்றாள் அண்ணி.

அவனிடம் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா அண்ணனைப் பார்த்தார். பார்க்காரரைப் பார்த்தார். பிறகு தூணை நோக்கி நடந்தார். அங்கே கை எட்டும் உயரத்தில் பலகையை அணைக்கும் சுவிட்ச் இருந்தது. காலடியில் கம்பியைத் திறக்கும் மிதி இருந்தது.

அண்ணியின் எண் நூற்று நான்கிலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.